என்ஜின் ஜாம் என்றால் என்ஜினையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: அப்பா ஓட்டிய டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் பல ஆண்டுகளாக ஓடாமல் நிற்கிறது. கிக்கர் அசையவே இல்லை. "என்ஜின் ஜாம் ஆகிவிட்டது, வேறு என்ஜின் மாற்றித் தருகிறேன்" என்கிறார் பழைய வண்டி வியாபாரி ஒருவர். நானே சரிசெய்ய ஆசைப்படுகிறேன். முடியுமா?

பதில்: முடியும். அந்த வியாபாரியிடம் மட்டும் என்ஜினைக் கொடுத்துவிடாதீர்கள்.

ஓடும்போது சூடேறிப் பிடித்துக்கொண்ட என்ஜின் வேறு. நின்ற இடத்திலேயே இறுகிய என்ஜின் வேறு. நல்ல நிலையில் நிறுத்திய வண்டி என்றால் உங்களுடையது இரண்டாவது வகை. ஈரம் புகுந்து, பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே துரு கட்டியிருக்கும். பெரும்பாலும் எண்ணெய்க்கும் பொறுமைக்கும் இது இளகிவிடும்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, துருவை இளக்கும் எண்ணெயை உள்ளே ஊற்றுங்கள். சில நாட்கள் ஊறட்டும். வற்றினால் மறுபடி ஊற்றுங்கள். கிக்கரை மிதித்து வம்பு செய்யாதீர்கள், உள்ளே இருக்கும் பல்சக்கரம் உடையும். டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். மயிரிழை நகர்ந்தாலே போதும், மீதி தானாக வரும். சுழல ஆரம்பித்ததும், பிளக் இல்லாமலேயே பலமுறை சுழற்றி, தேங்கிய எண்ணெயை வெளியேற்றுங்கள்.

என்ஜின் மாற்றுகிறவர்களைப் பற்றி ஏன் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன் என்றால், என்ஜினில் பொறித்த எண்தான் வண்டியின் ஆவணத்திலும் இருக்கிறது. உங்கள் அசல் என்ஜின் அவர் கைக்குப் போகும். யாருடையது என்றே தெரியாத ஒன்று உங்கள் வண்டியில் உட்காரும். பிறகு நீங்கள்தான் விளக்கம் சொல்லிக்கொண்டு அலைய வேண்டும்.

அடுத்து நீங்கள் சிக்கக்கூடிய வலை ரீபோர், அதாவது சிலிண்டரின் உள்சுவரைக் கடைந்து அகலப்படுத்துவது. சிலிண்டரின் மூடியான ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்றி, உள்சுவரில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். சுவரில் உள்ள துளைகளின் விளிம்பைத் தவிர நகம் வேறெங்கும் தடுக்கவில்லை என்றால், தேய்மானத்தை மைக்ரோமீட்டரால் அளந்து எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். அளக்காமலே "ரீபோர் போட வேண்டும்" என்கிறவரிடம் வேலை கொடுக்காதீர்கள். உண்மையிலேயே தேவைப்பட்டால், பெரிய அளவு பிஸ்டனை முதலில் வாங்குங்கள். அதை அளந்துதான் சிலிண்டரைக் கடைய வேண்டும். கடைந்துவிட்டுப் பிஸ்டன் தேடுவது தலைகீழ் வேலை.

துரு இளகி என்ஜின் சுழன்றாலும் வேலை முடியாத இடம் ஒன்று உண்டு: கிராங்க் ஆயில் சீல். பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டின் இரு பக்கமும் கசிவை அடைக்கும் ரப்பர் வளையம் அது. டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை முதலில் கிராங்க் அறைக்குள் போய்த்தான் சிலிண்டருக்கு ஏறுகிறது. ஆண்டுக்கணக்கில் நின்ற வண்டியில் அந்த ரப்பர் சீல் காய்ந்து விறைத்திருக்கும். மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட் இருக்கும் பக்கத்து சீல் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே நுழையும். பெட்ரோல் விகிதமும் அதோடு வரும் எண்ணெயும் குறையும். பிஸ்டன் சூடேறி மறுபடி பிடித்துக்கொள்ளும், இம்முறை எண்ணெய்க்கு இளகாது. கிளட்ச் பக்கத்து சீல் கசிந்தால் கியர் ஆயிலை உறிஞ்சிப் புகையாகக் கக்கும். ஐடிலிங் (ஆக்சிலரேட்டர் கொடுக்காதபோது என்ஜின் ஓடும் வேகம்) தானாக ஏறினாலோ, கியர் ஆயில் காரணமின்றிக் குறைந்தாலோ முதலில் சீலைச் சந்தேகியுங்கள். பலரும் கார்புரேட்டரைத் திருகியே காலத்தைக் கழிப்பார்கள். மேக்னெட்டை அதற்குரிய புல்லர் என்ற இழுக்கும் கருவியால்தான் கழற்ற வேண்டும். சுத்தியலால் தட்டினால் கிராங்க் கோணிவிடும். அப்புறம் என்ஜினை முழுதாகப் பிரிக்காமல் தீராது.

இந்தச் சின்ன சீலுக்குத்தான் நீங்கள் அதிகம் அலைய வேண்டியிருக்கும். மாடல் நின்ற சில காலத்தில் தயாரிப்பாளர்கள் பாகங்களையும் நிறுத்திவிடுகிறார்கள். சர்வீஸ் புத்தகத்தைக்கூடப் பொதுவில் வைப்பதில்லை. விற்ற பொருளுக்குப் பொறுப்பு இவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றுகிறது. அந்த இடைவெளியில்தான் போலிப் பாகம் விற்பவர்கள் பிழைக்கிறார்கள். அட்டைப்பெட்டியைப் பார்த்து ஏமாறாமல், பழைய சீலில் அச்சிட்டிருக்கும் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் ஆகிய மூன்று அளவுகளைக் குறித்துக்கொண்டு தொழில்துறை பேரிங் விற்கும் கடையில் கேளுங்கள். பெட்ரோலையும் சூட்டையும் தாங்கும் ரப்பரா என்பதையும் கேட்டு வாங்குங்கள்.

வண்டி ஜப்பானியத் தயாரிப்பு என்றால் கூட்டல் குறி ஸ்குரூக்களுக்கு ஜே.ஐ.எஸ். (ஜப்பானியத் தொழில் தர அளவு) வகை ஸ்குரூ டிரைவர் வாங்குங்கள். சாதாரண டிரைவர் வழுக்கித் தலையைத் தேய்த்துவிடும். டாங்கில் நிற்கும் பழைய பெட்ரோலை, என்ஜினை முதல்முறை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே வடித்துவிடுங்கள். அருகில் நெருப்போ பொறியோ வேண்டாம்.