ஒட்டகத்துக்கு மதினியின் முகம்

கேள்வி: பதினொரு வருடங்களாக எங்கள் குடும்பமும், என் அண்ணன் குடும்பமும், பக்கத்துத் தெருவிலிருக்கும் என் தோழியின் குடும்பமும் சேர்ந்து கிறிஸ்துமஸுக்கு ஒரு வேடிக்கை வாழ்த்து அட்டை தயாரித்து உறவினர்களுக்கு அனுப்புகிறோம். எல்லோருடைய புகைப்படங்களையும் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டுவோம். ஒரு வருடம் தெப்பக்குளத்து மைய மண்டபத்தில் வானதூதர்களாக நின்றோம். இன்னொரு வருடம் கிறிஸ்துமஸ் தாத்தாவை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். போன வருடம் அப்பாவும் அண்ணனும் என் கணவரும் மூன்று ராஜாக்கள். அந்த மூவரையும் முதுகில் சுமக்கிற ஒட்டகத்துக்கு மதினியின் முகம். படம் எடுத்த அன்று மதினி சமையலில் இருந்ததால், ஒரு கல்யாண ஆல்பத்திலிருந்து அவர் முகத்தை எடுத்து என் மகன் ஒட்டினான். அட்டையைப் பார்த்து மதினியும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தார். ஆனால் இந்த வருடம் பேச்சை எடுத்ததும், "என் படம் வேண்டாம், நீங்கள் செய்துகொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டார். "விளையாட்டுக்குச் செய்ததை இவ்வளவு பெரிதுபடுத்த வேண்டுமா?" என்று அண்ணன் கோபப்படுகிறார். என் மகனோ, இனி யாரும் கூட வேண்டியதில்லை, செயலியில் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடலாம் என்கிறான். அட்டை செய்வதையே நிறுத்திவிடலாமா?

— ஒரு வாசகி, அண்ணாநகர், மதுரை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நிறுத்த வேண்டாம். மூன்று குடும்பங்கள் ஓர் அட்டைக்காகப் பதினொரு வருடம் விடாமல் ஒன்றுகூடியிருப்பது எனக்குப் பெரிய காரியமாகப் படுகிறது. ஆனால் இந்த வருட வேலையைத் தொடங்குவதற்கு முன், உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட ஒரு வரியை நீங்களே மறுபடி படித்துப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். படம் எடுத்த அன்று மதினி சமையலில் இருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று குடும்பங்களும் மொட்டை மாடியில் தலைப்பாகை கட்டிச் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில், அத்தனை பேருக்குமான பிரியாணியை ஒருவர் கீழே தனியாகக் கிளறிக்கொண்டிருந்திருக்கிறார். அவரைத்தான் அட்டையில் சுமை தூக்கும் விலங்காக வரைந்திருக்கிறீர்கள். உங்களில் ஒருவரும் அப்படி நினைத்துச் செய்யவில்லை என்பதை நான் முழுமையாக நம்புகிறேன். ஆயினும் அந்த அட்டையைக் கையில் வாங்கிய மதினி, தன் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கும் மூன்று ஆண்களைப் பார்த்து, அந்த ஒரு நாளை மட்டும்தான் நினைத்திருப்பாரா என்று கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றையும் மனம் நோகாமல் ஏற்றுக்கொள்வீர்கள் என்ற நம்பிக்கையில் சொல்கிறேன். நீங்கள் அவருக்கு நாத்தனார். நம் வீடுகளில் நாத்தனாரும் மாமனாரும் கணவரும் கூடியிருக்கும் இடத்தில் ஒரு வேடிக்கை நடந்தால், அந்த வீட்டுக்கு வாழ வந்தவர் சிரித்தே ஆக வேண்டும். முகம் சுளித்தால் "ஒரு விளையாட்டைக் கூடத் தாங்க மாட்டாள்" என்ற பேச்சு வந்துவிடும். ஆகவே அன்று அவர் சிரித்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு வருடம் கழித்து, யாரையும் பழி சொல்லாமல், தன் படம் வேண்டாம் என்று மட்டும் அவர் சொன்னதைத்தான் அவருடைய உண்மையான பதிலாகக் கொள்ள வேண்டும்.

என் வீட்டிலும் இப்படி ஒன்று நடந்தது. பல வருடங்களுக்கு முன்பு, முன்பல் விழுந்திருந்த என் சித்தப்பாவின் சிரிப்பைப் பெரிதாக்கி ஓர் அட்டையில் போட்டோம். அவரும் சிரித்தார், நாலு பேரிடம் காட்டவும் செய்தார். அதன் பிறகு எடுத்த குடும்பப் படங்களையெல்லாம் அண்மையில் அடுக்கிப் பார்த்தபோதுதான், ஒன்றில்கூட அவர் வாயைத் திறக்காமல் நிற்பது என் கண்ணில் பட்டது. அவரிடம் கேட்க இப்போது வழியில்லை. உங்களுக்கு இருக்கிறது.

அதனால் முதலில் அண்ணன் வீட்டுக்கு நேரில் போங்கள். தொலைபேசியில் பேச வேண்டாம், குடும்பக் குழுவில் எழுதவும் வேண்டாம். அண்ணனை உடன் வைத்துக்கொண்டும் பேசாதீர்கள். "மதினி, உங்களைக் கேட்காமல் அப்படிச் செய்தது எங்கள் தப்பு" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "விளையாட்டுக்குத்தானே செய்தோம்" என்று அதற்குப் பின்னால் ஒட்டுப் போட்டால் அந்த மன்னிப்பு அங்கேயே செத்துவிடும். இந்த வருட அட்டைக்கு அவரை வற்புறுத்தவும் கூடாது. அவர் இல்லாமலே ஒரு வருட அட்டை போகலாம். அப்போது "ஒருவர் மட்டும் கோபித்துக்கொண்டார்" என்று குறிப்பால் உணர்த்தும் காலி நாற்காலியோ கேள்விக்குறியோ படத்தில் இடம்பெறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மகனும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் முகத்தை வெட்டி ஒட்டியது அவன் கை.

மதுரையில் இருப்பவருக்கு வெட்டி ஒட்டும் கலையைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் தெருமுனையில் நிற்கும் பிளக்ஸ் பலகைகளை நினைத்துப் பாருங்கள். மாப்பிள்ளையின் தலை சினிமாக் கதாநாயகனின் உடம்பில் இருக்கும். ஒரு வயதுக் குழந்தை சிம்மாசனத்தில் செங்கோலோடு அமர்ந்திருக்கும். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும், ஆனால் அந்தப் பலகைகளில் வெட்டி ஒட்டப்பட்ட தலை எப்போதும் ஒரு படி மேலே தூக்கி வைக்கப்பட்டிருக்கும். தமுக்கம் பொருட்காட்சி ஸ்டூடியோவில் அட்டையால் செய்த மோட்டார் காருக்குப் பின்னால் நின்று படம் எடுத்துக்கொண்ட எங்கள் தலைமுறைக்கும் அந்த மகிழ்ச்சிதான் கிடைத்தது: ஐந்து நிமிடமாவது கார்க்காரராக இருந்தோம். உங்கள் பழைய அட்டைகளும் அந்த வகையைச் சேர்ந்தவையே. வானதூதர்களாக எல்லோரும் நின்றீர்கள், ஷேர் ஆட்டோவில் எல்லோரும் நெருக்கியடித்துக்கொண்டு போனீர்கள். போன வருடம்தான் மூவர் மேலேயும் ஒருவர் கீழேயும் போனார்கள்.

வாழ்த்து அட்டையால் மனக்கசப்பு வருவது புதிதும் அல்ல. கடையில் விற்பதற்காக அச்சான முதல் கிறிஸ்துமஸ் அட்டை 1843-இல் லண்டனில் வெளிவந்தது. வந்து குவிந்த கடிதங்களுக்குத் தனித்தனியே பதில் எழுத நேரமில்லாத ஹென்றி கோல் என்பவர், ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் கேட்டு வரைந்து வாங்கியது அது. விலை ஒரு ஷில்லிங். நடுவில் ஒரு குடும்பம் விருந்து மேசையில் கூடியிருக்க, இரு ஓரங்களில் ஏழைகளுக்கு உணவும் உடையும் தரும் காட்சிகள் இருந்தன. ஆனால் நடுப்படத்தில் ஒரு சிறு குழந்தைக்கும் திராட்சை மது புகட்டப்படுவதைக் கண்டு மதுவிலக்குக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். வரைந்தவருக்கு அது மகிழ்ச்சியான குடும்பக் காட்சி. பார்த்தவர்களின் கண் அந்தக் குழந்தையின் மேல் போய் நின்றது.

மதினி மனம் இளகி வருவாரானால், மூன்று ராஜாக்களின் கதையையே மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. மத்தேயு நற்செய்தியை எடுத்து வாசித்துப் பாருங்கள்: கிழக்கிலிருந்து ஞானிகள் வந்தார்கள் என்றுதான் இருக்கிறது, எத்தனை பேர் என்று இல்லை. பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்றாக இருந்ததால் ஆட்களையும் மூவராக நாம் கணக்கிட்டுக்கொண்டோம். ஒட்டகமும் அந்தக் கதையில் இல்லை. எனவே நான்காவது ராஜாவுக்குத் தாராளமாக இடமிருக்கிறது. யானைமலைக்கு மேல் நட்சத்திரம் நிற்க, மாட்டுத்தாவணியில் நான்கு ராஜாக்களும் பேருந்துக்குக் காத்து நிற்கலாம், ஒருவர் கையில் காணிக்கையாக ஜிகர்தண்டா இருக்கலாம். இது என் ஆசை மட்டுமே. யார் என்ன வேடம் என்பதை அவரவரே சொல்ல வேண்டும், முடிந்த படத்தை அச்சுக்குக் கொடுக்குமுன் அதில் இருக்கும் ஒவ்வொருவரும் தனியாகப் பார்த்து "சரி" என்று சொல்ல வேண்டும். உங்கள் தோழியின் குடும்பம் வேறு சமயத்தவர்களாக இருந்தால் அவர்களிடம் இதை இன்னும் கவனமாகக் கேளுங்கள். மறுப்பதற்கு அவர்களுக்கும் கூச்சம் இருக்கும்.

செயலி விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு நிமிடத்தில் படம் வரும் என்று உங்கள் மகன் சொல்வது உண்மைதான். ஆனால் பல செயலிகள் முகத்தை மெருகேற்றுவதாக நினைத்துக்கொண்டு நிறத்தை வெளுக்க வைக்கின்றன, மூக்கையும் தாடையையும் திருத்துகின்றன. வந்து சேர்வது உங்கள் அப்பாவின் சாயலில் இருக்கும் வேறொருவர். குழந்தைகளின் படங்களை முன்பின் தெரியாத செயலியில் ஏற்றுவதும் எனக்குச் சம்மதமில்லை. போன வருடம் ஆல்பத்திலிருந்து முகத்தை எடுத்த இடத்தில்தான் தவறு நுழைந்தது என்பதையும் நினைவில் வையுங்கள். செயலியில் செய்தால் எல்லோருடைய முகமும் அப்படி எடுக்கப்பட்டதாகிவிடும். கிம்ப் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. மகன் அதில் வேலை செய்யட்டும், மற்றவர்கள் அவன் தோளுக்குப் பின்னால் நின்று யோசனை சொல்லட்டும்.

வேலை நன்றாக அமையச் சில குறிப்புகள். எல்லோரையும் ஒரே நாளில், ஒரே வெளிச்சத்தில் எடுங்கள். மாலை நாலரை மணிக்கு மேல் மொட்டை மாடியில் வெயில் தணிந்திருக்கும். ஒருவருக்கு இடப்பக்கமும் இன்னொருவருக்கு வலப்பக்கமும் வெளிச்சம் விழுந்தால், எவ்வளவு நுணுக்கமாக வெட்டினாலும் ஒட்டியது தெரிந்துவிடும். கேமராவை ஒரே உயரத்தில் வையுங்கள். பின்னால் வெறும் சுவர் இருந்தால் தலைமுடியின் ஓரங்களை வெட்டுவது எளிது. ஒட்டிய பிறகு காலடியில் நிழல் வரைய மறக்காதீர்கள், இல்லாவிட்டால் எல்லோரும் தரைக்கு மேலே மிதப்பார்கள். நாலுக்கு ஆறு அங்குல அட்டை தெளிவாக அச்சாக 1200-க்கு 1800 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும் என்பதால் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். அச்சகத்தில் ஓரம் வெட்டும்போது யாருடைய காதும் போகாமலிருக்க, நாலு பக்கமும் மூன்று மில்லிமீட்டர் கூடுதலாகப் பின்னணியை விட்டு வையுங்கள்.

திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும். அன்று காலைத் திருப்பலி முடிந்ததும் கூடினால், அந்த வாரமே அச்சுக்குக் கொடுத்துவிடலாம். காலண்டர், டைரி வேலைகளில் அச்சகங்கள் மூழ்கியிருக்கும் மாதம் அது. தாமதமாகிவிட்டாலும் கவலை இல்லை, ஜனவரி 6 மூன்று ராஜாக்கள் திருநாள் வரை அட்டை போய்ச் சேரலாம், உங்கள் கதைக்கு அதுவே பொருத்தம். படம் எடுக்கும் அன்று மட்டும் வீட்டில் யாரும் அடுப்புப் பற்ற வைக்க வேண்டாம். மதியச் சாப்பாட்டைப் போன வருடத்து மூன்று ராஜாக்களும் கடையிலிருந்து வாங்கி வந்து, இலை போட்டுப் பரிமாறி, பாத்திரங்களையும் கழுவி வைக்கட்டும். மதினி படத்துக்கு நின்றாலும் நிற்காவிட்டாலும் முதல் இலை அவருக்கு.