தொழிலதிபர்களிடம் நகரம் எதைக் கேட்க வேண்டும்? (வாசகர் கேள்வி – பதில்)

புறநகர் நகரங்களின் வருமானம் பற்றிப் போன இதழில் எழுதியபோது, உள்ளூர்த் தொழிலதிபர்களைக் கொண்ட ஆலோசனைக் குழுக்களைப் பற்றி நான்கைந்து வரி சேர்த்திருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த வரிகளைப் பற்றித்தான். ஒரு நகராட்சியின் பொருளாதார வளர்ச்சிப் பிரிவில் வேலை பார்த்த காலத்தில் அப்படிப்பட்ட ஒரு குழுவுக்குச் செயலராக இருந்தவள் நான். அதனால் இந்த முறை முழுப் பகுதியையும் இதற்கே ஒதுக்குகிறேன்.

அம்மா, பெருநகரத்தை ஒட்டிய ஒரு நகரத்தில் புதிதாகத் தேர்வான மன்ற உறுப்பினர் நான். பொருளாதார வளர்ச்சிக்கு யோசனை சொல்ல உள்ளூர்த் தொழிலதிபர்கள் பத்துப் பன்னிரண்டு பேரை அழைக்கிறோம். முதல் கூட்டத்தில் அவர்களிடம் என்ன கேட்பது?

"நம் நகரம் வளர என்ன செய்யலாம்?" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். அதற்கு வரும் பதில்கள் எல்லா ஊரிலும் ஒன்றுதான். வரியைக் குறையுங்கள், பெரிய கம்பெனி ஒன்றைக் கொண்டு வாருங்கள், பார்க்கிங் போதவில்லை. கூட்டம் முடிந்துவிடும், உங்களுக்குப் புதிதாக ஒன்றும் தெரிந்திருக்காது.

ஒரு தொழிலதிபருக்குத் தன் தொழில் தெரியும். நகரப் பொருளாதாரம் முழுவதும் அவருக்குத் தெரியும் என்று நாம் நினைப்பதில்தான் கோளாறு. அவர் கையால் தொட்டு அறிந்ததைக் கேளுங்கள். கடைசியாக வேலைக்கு எடுத்த ஆள் எந்த ஊரிலிருந்து வருகிறார், எதில் வருகிறார்? எந்த வேலைக்கு மாதக்கணக்கில் ஆள் கிடைக்கவில்லை? கட்டடத்தை விரிவாக்க விண்ணப்பம் கொடுத்தீர்களே, அது எந்த மேஜையில் எத்தனை நாள் கிடந்தது? வாங்கும் பொருட்களில் எதெல்லாம் உள்ளூரில் கிடைப்பதில்லை? குத்தகை முடிந்ததும் இங்கேயே இருப்பீர்களா?

எங்கள் குழுவில் வரிச்சலுகை பற்றி எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறோம். ஒரு நாள் தொழிற்கூடம் நடத்தும் ஓர் உறுப்பினரிடம், ஆட்கள் ஏன் நிலைப்பதில்லை என்று சும்மா கேட்டேன். இரண்டாவது ஷிப்ட் முடிவதற்கு முன்பே கடைசி பஸ் போய்விடுகிறது என்றார். அதுவரை அதை அவர் ஒருமுறைகூடக் கூட்டத்தில் சொன்னதில்லை. இதெல்லாம் நகர மன்றத்தில் பேசுகிற விஷயமா என்று நினைத்திருக்கிறார். பேச வேண்டியதே அதுதான்! புறநகரில் வசிப்பவர்கள் பலர் வேறு ஊருக்கு வேலைக்குப் போகிறார்கள், இங்கே வேலை பார்ப்பவர்கள் பலர் வேறு ஊரிலிருந்து வருகிறார்கள். அந்தப் போக்குவரத்தின் சிக்கல் முதலாளிக்குத் தெரிந்த அளவுக்கு நகராட்சிக்குத் தெரியாது.

எங்கள் குழுவின் தலைவர், ஒரு பெரிய தொழிற்சாலை வந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும் என்கிறார். அவர் சொல்வது சரியா?

பெரிய தொழிற்சாலை வந்து செழித்த ஊர்களும் உண்டு. அதனால் ஒரேயடியாக மறுக்க மாட்டேன். ஆனால் அதை நம்பி நகரம் கடன் வாங்கும் முன் இரண்டு ஊர்களின் கதையைக் குழுவில் வாசித்துக் காட்டுங்கள்.

ஒன்று, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள மவுண்ட் பிளசன்ட். ரசீன் என்ற நகரத்தை ஒட்டிய ஊர். அங்கே எல்.சி.டி. திரைகள் தயாரிக்கும் ஆலை கட்டப் போவதாக 2017-ல் ஃபாக்ஸ்கான் அறிவித்தது. 1,000 கோடி டாலர் முதலீடு, 13,000 வேலைகள் என்று பேச்சு. மாநில அரசு ஏறத்தாழ 300 கோடி டாலர் அளவுக்குச் சலுகை தர ஒப்புக்கொண்டது. ஊர் நிர்வாகம் நிலங்களையும் வீடுகளையும் வாங்கியது, சாலையும் தண்ணீர்க் குழாயும் போட்டது. 2021-ல் ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதினார்கள். வேலைகள் 1,454 ஆகவும், மாநிலச் சலுகை 8 கோடி டாலராகவும் சுருங்கின. வேலை கொடுத்தால்தான் சலுகை என்று மாநிலம் எழுதி வைத்திருந்ததால் அதன் பணம் பெரும்பகுதி தப்பியது. ஊர் செய்த செலவு அப்படியில்லை, முதலிலேயே மண்ணுக்குள் போய்விட்டது. பின்னால் அதே இடத்தில் மைக்ரோசாஃப்ட் நிலம் வாங்கித் தரவு மையம் கட்ட ஆரம்பித்தது. ஆனால் வீட்டை விட்டுப் போனவர்கள் போனதுதான்.

மற்றது, கொலராடோ மாநிலத்தில் டென்வரின் தெற்குப் புறநகரான லிட்டில்டன். 1980-களின் கடைசியில், அந்தப் பகுதியில் மிகப் பெரிய முதலாளியாக இருந்த ஏவுகணை நிறுவனம் ஆயிரக்கணக்கானவர்களை வேலையை விட்டு அனுப்பியது. பிரதான வீதியில் கடைகள் காலியாகின. வேறொரு பெரிய நிறுவனத்தைத் தேடி அலைவதற்குப் பதிலாக, ஏற்கெனவே ஊரில் இருக்கும் சிறு நிறுவனங்களை வளர்ப்போம் என்று அந்த நகரம் முடிவெடுத்தது. கிறிஸ் கிப்பன்ஸ் என்ற நகராட்சி அதிகாரி அந்த வேலையை நடத்தினார். 'பொருளாதாரத் தோட்டம்' என்ற பொருளில் அதற்கு ஒரு பெயரும் வைத்தார்கள்.

அந்த நகரம் காசு கொடுக்கவில்லை, தகவல் கொடுத்தது. பெரிய கம்பெனிகள் மட்டும் கட்டணம் கட்டிப் பார்க்கும் சந்தைத் தரவுகளை வாங்கி வைத்தார்கள். உங்கள் பொருளை வாங்கக் கூடியவர்கள் எங்கே இருக்கிறார்கள், போட்டியாளர்கள் என்ன செய்கிறார்கள், வாடிக்கையாளர்கள் எந்தத் தெருவில் அதிகம் என்று வரைபடம் போட்டு, கேட்டு வந்த உள்ளூர் நிறுவனங்களுக்கு இலவசமாகத் தந்தார்கள். 1990-ல் சுமார் 15,000 ஆக இருந்த வேலைகள், 2005 வாக்கில் சுமார் 30,000 ஆனதாகச் சொல்வார்கள். அந்தக் காலத்தில் டென்வர் வட்டாரம் முழுவதுமே வேகமாக வளர்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இருந்தாலும் எனக்கு இந்த வழிதான் பிடிக்கிறது. ஒரு சிறு நிறுவனம் தோற்றால் நகரம் நொடித்துப் போகாது. அப்புறம் இன்னொரு விஷயம்: யாருக்கு என்ன தகவல் தேவை என்று சொல்ல உள்ளூர் வியாபாரிகளால்தான் முடியும். குழுவுக்கு அதைவிட நல்ல வேலை என்ன இருக்கிறது?

பக்கத்து நகரம் பத்து வருட வரிவிலக்கு தருகிறது. நாமும் தராவிட்டால் இருப்பவர்களும் ஓடிவிடுவார்கள் என்று குழுவில் பயமுறுத்துகிறார்கள். என்ன செய்வது?

இதற்குக் கான்சஸ் சிட்டியைப் பாருங்கள். அந்த மாநகர வட்டாரத்தை மாநில எல்லை இரண்டாகப் பிரிக்கிறது, ஒரு பக்கம் மிசௌரி, மறுபக்கம் கான்சஸ். இரு மாநிலங்களும் ஒன்றின் நிறுவனத்தை மற்றொன்று சலுகை காட்டி இழுத்துக்கொண்டே இருந்தன. ஏ.எம்.சி திரையரங்க நிறுவனம் மிசௌரிப் பக்கத்திலிருந்து கான்சஸ் பக்கப் புறநகரான லீவுட்டுக்குப் போவதாக 2011-ல் அறிவித்தது. ஆப்பிள்பீஸ் உணவகங்களின் தலைமையகம் அதே வருடம் கான்சஸ் புறநகரை விட்டு மிசௌரிப் பக்கம் போனது. சில மைல் தூரம்தான். ஊழியர்கள் பெரும்பாலும் அதே ஊழியர்கள், அவர்கள் குடியிருக்கும் வீடும் அதேதான். இரண்டு அரசுகளின் வரிப்பணமும் செலவானது, வட்டாரத்துக்குப் புதிய வேலை கிட்டத்தட்ட எதுவும் வரவில்லை.

2011-ல் அந்த வட்டாரத்துத் தொழிலதிபர்கள் 17 பேர் சேர்ந்து இரு மாநில ஆளுநர்களுக்கும் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். இந்தச் சண்டையை நிறுத்துங்கள் என்று கேட்டார்கள். சலுகை வாங்கக் கூடிய இடத்தில் இருந்தவர்களே சலுகை வேண்டாம் என்று சொன்ன கடிதம் அது. எனக்கு அந்தக் கடிதத்தின் மேல் பெரிய மரியாதை உண்டு. 2019-ல்தான் பலன் கிடைத்தது: மிசௌரி சட்டம் போட்டது, கான்சஸ் ஆளுநர் உத்தரவு போட்டார், எல்லையோர மாவட்டங்களுக்குள் நிறுவனத்தை இடம் மாற்றுவதற்குச் சலுகை இல்லை என்று ஆனது. அதோடு முடிந்ததா என்றால் இல்லை. மிசௌரிப் பக்கம் ஆடும் விளையாட்டு அணிகளை இழுக்க, அரங்கம் கட்ட உதவும் சட்டத்தைக் கான்சஸ் 2024-ல் நிறைவேற்றியது. ஆகவே ஒப்பந்தம் போட்ட பிறகும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இந்தப் பேச்சே அதிகம் எழாது. 2001-ம் வருட முனிசிபல் சட்டத்தின் 106-ம் பிரிவு, தனிப்பட்ட தொழில் நிறுவனத்துக்கு நகராட்சி பண உதவியோ வரிச் சலுகையோ தருவதைத் தடுக்கிறது. விதிவிலக்குகள் உண்டு, ஆனால் சட்டத்தின் முதல் வார்த்தை 'கூடாது' என்பதுதான். நிறுவனங்கள் நகரம் நகரமாகப் போய்ப் பேரம் பேசும் வழி அங்கே பெரும்பாலும் அடைபட்டிருக்கிறது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பயமுறுத்துகிறவரிடம், அப்படி யார் போகப் போகிறார்கள் என்று பெயர் கேளுங்கள். போகிறவர்களிடம் நேரில் போய்க் காரணம் கேளுங்கள். வரி காரணமாக இருந்தால் பக்கத்து நகரத்து மன்றத்தோடு உட்கார்ந்து பேசுங்கள். அந்தச் சந்திப்புக்கு இரண்டு ஊரிலும் தொழில் வைத்திருக்கும் ஓர் உறுப்பினரையும் உங்களோடு அழைத்துப் போங்கள், அவர் சொன்னால் எடுபடும்.

ஆலோசனைக் குழு உறுப்பினர்களுக்குச் சம்பளம் உண்டா? அவர்கள் சொன்னதை நகர மன்றம் கேட்டே ஆக வேண்டுமா?

பெரும்பாலான இடங்களில் சம்பளம் இல்லை. கேட்டே ஆக வேண்டும் என்பதும் இல்லை. முடிவெடுப்பது மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள்.

குழுவில் இருக்கும் ஒருவருக்கு நெடுஞ்சாலை ஓரமாக நிலம் இருக்கிறது. அந்தப் பகுதியை வணிகப் பகுதியாக மாற்ற வேண்டும் என்று குழுவே பரிந்துரைக்கிறது. கேட்டால், அவர் அனுபவசாலி என்கிறார்கள்.

அனுபவசாலியாகவே இருக்கட்டும். அந்த விஷயம் வரும்போது அவர் எழுந்து வெளியே போக வேண்டும். ஓட்டுப் போடாமல் இருந்தால் போதாது, அறையிலேயே இருக்கக் கூடாது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவருடைய நண்பர்களால் எதிர்த்துப் பேச முடியாது, இது நான் கண்ணால் பார்த்தது. ஆலோசனை மட்டும்தானே, அதிகாரம் இல்லையே என்பார்கள். அந்த ஆலோசனைதான் பின்னால் மன்றத்தின் தீர்மானமாக எழுதப்படுகிறது.

நிலம், பங்கு, குத்தகை, நகராட்சியோடு உள்ள ஒப்பந்தம் எல்லாவற்றையும் சேரும்போதே எழுதித் தரச் சொல்லுங்கள், குடும்பத்தினர் பெயரில் இருப்பதையும் சேர்த்து. வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். கூட்டக் குறிப்பைப் பொதுமக்கள் படிக்கும் இடத்தில் வையுங்கள். உள்ளூர்க்காரர்களைக் கூப்பிட்டால் உள்ளூரில் சொத்து இருக்கத்தான் செய்யும், அது குற்றமில்லை. அதை மறைத்துப் பேசுவதுதான் குற்றம். கட்டுமானத் துறைக்காரர்களும் நிலத் தரகர்களும் குழுவில் பாதிக்கு மேல் இருந்தால் மட்டும் குழுவையே மாற்றி அமைக்கச் சொல்வேன். அவர்கள் நிறைந்த குழுவில் எந்தப் பிரச்சினைக்கும் தீர்வு இன்னொரு கட்டடமாகவே வரும்.

நான் சிறிய கடை நடத்துகிறேன். குழுவில் வங்கி மேலாளர், ஆஸ்பத்திரி நிர்வாகி, மால் உரிமையாளர் என்று பெரியவர்கள்தான். எங்களை யார் கேட்கிறார்கள்?

கேட்க வைக்க முடியும், ஐயா. டொரன்டோ நகரில் ப்ளூர் வெஸ்ட் வில்லேஜ் என்று ஒரு கடைவீதி. 1960-களில் சுரங்க ரயில் வந்ததும் ட்ராம் வண்டியில் வந்து இறங்கிக் கடை கடையாக நடந்தவர்கள் பூமிக்கு அடியில் போய்விட்டார்கள். இன்னொரு பக்கம் பெரிய வணிக வளாகங்கள் வந்துவிட்டன. விரும்பியவர்கள் மட்டும் காசு போட்டால் பாதிப் பேர் போட மாட்டார்கள், பலனை மட்டும் எல்லாரும் அனுபவிப்பார்கள். அதனால் அந்த வியாபாரிகள் ஒரு சட்டம் கேட்டு வாங்கினார்கள். வீதியில் உள்ள எல்லா வணிகச் சொத்துக்கும் ஒரு கூடுதல் தொகை, அதை நகராட்சி வரியோடு வசூலிக்கும், எப்படிச் செலவழிப்பது என்று வியாபாரிகளின் நிர்வாகக் குழு முடிவு செய்யும். 1970-ல் அது ஆரம்பித்தது. விளக்கு, மரம், உட்காரும் பெஞ்சு என்று சின்னச் சின்ன வேலைகள். உலகத்தில் அந்த ஏற்பாட்டுக்கு அதுதான் முதல். இன்று பல நாடுகளில் பெருநகரங்களும் புறநகரங்களும் அதைப் பின்பற்றுகின்றன.

உங்களுக்கு ஓர் எச்சரிக்கையும் சொல்கிறேன். அந்தக் கூடுதல் தொகை கட்டட உரிமையாளருக்கு வந்தாலும், பல குத்தகைகளில் அது வாடகைக்காரர் தலையில் வந்து விழும். அப்படி ஓர் ஏற்பாட்டைக் கேட்பதற்கு முன் உங்கள் குத்தகைப் பத்திரத்தைப் படித்துப் பாருங்கள்.

நகரக் குழுவைப் பொறுத்தவரை, கூட்டத்தின் நேரத்தை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். வார நாளில் காலை பத்து மணிக்குக் கூட்டம் என்றால் கடையை மூடிவிட்டு வர முடியாது. வங்கி மேலாளருக்கு அது வேலையின் பகுதி, உங்களுக்கு ஒரு நாள் வியாபாரம். இரவு கடை அடைத்த பிறகு, அல்லது அதிகாலையில் என்று வைத்தால் வருகிற முகங்களே வேறாக இருக்கும்.

எங்கள் நகரத்தில் குழு வருடக்கணக்காக இருக்கிறது. பயன் உண்டா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கடந்த வருடங்களின் கூட்டக் குறிப்புகளைக் கேட்டு வாங்குங்கள். குழு செய்த பரிந்துரை ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எழுதி, எதிரே மன்றம் என்ன பதில் சொன்னது என்று போடுங்கள். ஏற்றது, மறுத்தது, பதிலே இல்லாதது. மறுத்ததைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, காரணம் எழுதியிருந்தால் சரி. பதிலே இல்லாத வரிசைதான் நீளமாக இருக்கும் என்று நினைக்கிறேன். நல்ல உறுப்பினர்கள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்துவது அதனால்தான். பரிந்துரை வந்து தொண்ணூறு நாளுக்குள் மன்றம் எழுத்தில் பதில் தர வேண்டும் என்று ஒரு விதி போடச் சொல்லி மனுக் கொடுங்கள். அந்தத் தாளையும் மனுவோடு இணைத்துவிடுங்கள்.