ஊக்கப் பேச்சாளரை அழைப்பதற்கு முன்னால்

கேள்வி இது: கம்பெனியில் 80 பேர் இருக்கிறார்கள். ஏனோதானோ என்று வேலை பார்க்கிறார்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போனால் பாதிப் பேர் திரும்புவதில்லை. ஊக்கப் பேச்சாளர் ஒருவரை வரவழைக்கலாமா, 'மாதத்தின் சிறந்த பணியாளர்' விருது ஆரம்பிக்கலாமா, வேறு என்ன செய்தால் ஆட்கள் ஈடுபாட்டோடு இருப்பார்கள்?

நான் திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் தயாரிப்புப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் தொழில் என்னவென்று நீங்கள் சொல்லவில்லை. எதுவாக இருந்தாலும், தீபாவளிக்குப் போன ஆள் திரும்புவாரா என்ற கவலை எனக்கும் வருஷா வருஷம் உண்டு. அதனால் எங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன்.

முதலில் காசு. சம்பளத்தைத் தாண்டி மனிதர்களுக்கு எவ்வளவோ தேவை என்று மேலாண்மை வகுப்புகளில் சொல்வார்கள். சரிதான், ஆனால் அதைச் சொல்லும் தகுதி சம்பளத்தை நாள் தவறாமல் கொடுப்பவருக்குத்தான் உண்டு. எங்கள் ஊரில் சனிக்கிழமை பட்டுவாடா. மளிகைக் கடை பாக்கி, வீட்டு வாடகை, மகளிர் குழு தவணை எல்லாம் அந்த சாயங்காலத்தை நம்பித்தான் இருக்கும். "பையர் (சரக்கு வாங்கும் வெளிநாட்டு கம்பெனி) பணம் வரவில்லை, திங்கட்கிழமை பார்க்கலாம்" என்று ஒரு தடவை சொன்னால், அடுத்த வாரமே பக்கத்து கம்பெனியில் எவ்வளவு தருகிறார்கள் என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். போனஸும் அப்படித்தான். சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20. நீங்கள் தருவது எவ்வளவு, கணக்கு எப்படி என்று தீபாவளிக்கு முன்பே வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் பாதிப் புகைச்சல் அடங்கிவிடும்.

அடுத்தது உடம்பு. 2021இல் தமிழ்நாடு அரசு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. கடையில் வேலை பார்க்கிறவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும், நாள் முழுக்க நிற்க வைக்கக் கூடாது என்பதுதான் அதில் இருந்த விஷயம். கேரளாவில் இதை 2018இலேயே கொண்டுவந்துவிட்டார்கள். ஒரு ஸ்டூலுக்குச் சட்டசபை வரை போக வேண்டியிருந்தது பாருங்கள். காலையிலிருந்து இரவு வரை நின்றே சேலை விரித்துக் காட்டிய பெண்ணிடம், "வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரித்த முகத்தோடு இருங்கள்" என்று எத்தனை கடையில் பயிற்சி நடத்தியிருப்பார்கள்! உங்கள் இடத்தில் கழிப்பறை, குடிதண்ணீர், மின்விசிறி, சாப்பிட ஒரு மேஜை எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று நீங்களே ஒரு சுற்று போய்ப் பார்த்துவிடுங்கள். இது இல்லாமல் மேற்கொண்டு பேசுவதில் அர்த்தமில்லை.

இனி கேள்விக்கு வருகிறேன். ஆள் வாயைத் திறந்து ஒரு விஷயத்தைச் சொன்னால் அதற்குப் பிறகு என்ன நடக்கிறது? ஈடுபாடு இருக்குமா, போகுமா என்பதை இதுதான் முடிவு செய்கிறது என்பது என் அபிப்பிராயம்.

எங்கள் தொழிலில் ஊசி விவகாரம் ஒன்று இருக்கிறது. தைக்கும்போது ஊசி உடைந்தால், உடைந்த துண்டுகள் அத்தனையையும் பொறுக்கிக் கொடுத்தால்தான் புது ஊசி கிடைக்கும். துண்டுகளை ஒரு ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி, தேதி, லைன், மெஷின் நம்பர் எல்லாம் எழுதுவோம். முனை கிடைக்காவிட்டால் அந்த பண்டலையே தனியாக எடுத்து மெட்டல் டிடெக்டரில் விட வேண்டும். குழந்தை உடுப்புக்குள் ஊசி முனை போய்விடக் கூடாது அல்லவா, அதற்குத்தான் இத்தனை கெடுபிடி.

நல்ல ஏற்பாடு. ஆனால் ஊசி உடைந்ததும் டெய்லர் அக்காவுக்கு என்ன நடக்கும்? சூப்பர்வைசர் வருவார். "எப்படிக்கா உடைச்சீங்க? நேத்துதானே மாத்திக் கொடுத்தோம்?" என்று லைன் முழுக்கக் கேட்கும்படி கத்துவார். பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி வாங்குபவராக, இருப்பவருக்கு முனையைத் தேடும் நேரத்துக்குக் கூலியும் கிடையாது. இரண்டு தடவை இந்தப் பாட்டு வாங்கியவர் அடுத்த தடவை யாரிடமும் சொல்ல மாட்டார். பக்கத்து மெஷினிலிருந்து ஒரு பழைய ஊசியை வாங்கி மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் தைக்க ஆரம்பிப்பார். ஆபத்து தெரியாமல் இல்லை, அவர் வீட்டிலும் குழந்தை இருக்கிறது. கடைசியில் மெட்டல் டிடெக்டர் கத்தும்போது, "இவங்களுக்கெல்லாம் வேலையில அக்கறையே இல்லை" என்று ஆபீஸில் பேசிக்கொள்வார்கள்.

நாங்கள் இரண்டு விஷயங்களை மாற்றினோம். ஊசி தேடும் நேரத்துக்கும் அவரவர் சராசரிக் கூலியைப் போட்டோம். ஊசி உடைந்ததற்கு யாரும் குரலை உயர்த்தக் கூடாது என்று சூப்பர்வைசர்களிடம் கறாராகச் சொன்னோம். உடனே ரிஜிஸ்டரில் பதிவுகள் கூடிவிட்டன. முதலாளிக்குத் தூக்கிவாரிப்போட்டது, "என்னப்பா, ஊசி இப்படி உடையுது?" என்றார். முன்பும் அப்படித்தான் உடைந்துகொண்டிருந்தது, இப்போதுதான் நோட்டில் ஏறுகிறது என்று அவருக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நீங்களும் மாற்றங்கள் செய்து பார்த்தால் ஆரம்பத்தில் புகார்கள் அதிகமாகும். பயந்து பின்வாங்கிவிடாதீர்கள்.

பதிவுகளைப் புரட்டிப் பார்த்ததில் பாதிக்கு மேல் ஒரே வேலையில் வந்திருந்தன. டீ சர்ட்டில் கழுத்தைச் சுற்றி ரிப் என்ற இழுபடும் பட்டியை வைத்துத் தைக்கும் இடம். காரணம் கேட்டபோது அங்கே தைக்கும் அக்கா சட்டென்று சொன்னார்: "ரிப் ஜாயின்ட்டும் தோள் தையலும் ஒரே இடத்துல வந்து விழுதுங்க. துணி மொத்தமாகி ஊசி வளைஞ்சு, கீழ நூலைக் கோக்கிற லூப்பர்ல அடிக்குது. ஜாயின்ட்டை அரை இஞ்ச் பின்னால தள்ளிட்டா தீந்துச்சு." மெக்கானிக் அப்படியே தைத்துப் பார்த்தார், பையருக்கு சாம்பிள் அனுப்பி ஒப்புதலும் வாங்கினோம். அந்த அக்காவுக்கு இது ரொம்ப நாளாகவே தெரியும். யாரும் கேட்கவில்லை, அவராகச் சொல்லும் அளவுக்கு இடமும் இல்லை. இப்போது புது ஸ்டைல் வந்தால் கட்டிங் மாஸ்டரே சாம்பிளை எடுத்துக்கொண்டு அவர் மெஷினுக்கு வருகிறார். அந்த அக்காவும் சாம்பிளில் எதையாவது கண்டுபிடித்து மாஸ்டரை விரட்டிக்கொண்டுதான் இருக்கிறார். ஏனோதானோ என்று இருந்த அதே ஆள்.

இதையே பெரிய அளவில் பார்க்க வேண்டும் என்றால் கலிஃபோர்னியாவில் ஃபிரீமான்ட் கார் ஆலையின் கதையைப் படியுங்கள். ஜெனரல் மோட்டார்ஸ் அதை 1982இல் மூடியது. அங்கே ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராமல் இருப்பது சகஜம், நிர்வாகத்துக்கும் சங்கத்துக்கும் ஓயாத சண்டை. 1984இல் டொயோட்டாவோடு கூட்டுச் சேர்ந்து 'நும்மி' என்ற பெயரில் மறுபடி திறந்தார்கள். பெரும்பாலும் பழைய ஆட்களையே எடுத்தார்கள், சங்கமும் அதேதான். முன்பு எதற்காகவும் லைன் நிற்கக் கூடாது, குறையோடு வண்டி நகர்ந்தால் நகரட்டும் என்றிருந்தது. புதிய ஏற்பாட்டில், குறையைப் பார்த்த எந்தத் தொழிலாளியும் தலைக்கு மேலே தொங்கும் கயிற்றை இழுக்கலாம். டீம் லீடர் ஓடி வந்து உதவ வேண்டும், தீராவிட்டால் லைன் நிற்கும். வேலைக்கு வராமல் இருப்பது வெகுவாகக் குறைந்தது, அங்கே தயாரான கார்களின் தரம் ஜப்பான் ஆலைக்குப் பக்கத்தில் வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் இதே முறையைத் தன் இன்னொரு ஆலையான வேன் நைஸுக்கும் கொண்டுபோகப் பார்த்தது. அங்கே மேலாளரும் தொழிலாளியும் ஒருவரையொருவர் நம்பவில்லை, எடுபடவில்லை. 1992இல் அந்த ஆலையை மூடிவிட்டார்கள்.

அதனால் உடனே ஒரு யோசனைப் பெட்டி வாங்கி மாட்டிவிடாதீர்கள். எல்லா ஏற்றுமதி கம்பெனியிலும் கழிப்பறைக்குப் பக்கத்தில் பூட்டுப் போட்ட ஒரு பெட்டி இருக்கும். ஆடிட் என்று சோதனைக்கு ஆள் வருவதற்கு முந்தின நாள் அதன் சாவியைத் தேடுவார்கள். அதைவிட நேரில் கேளுங்கள். கேட்டதற்கு ஒரு வாரத்துக்குள் பதில் சொல்லுங்கள். முடியாது என்றால் ஏன் முடியாது என்று சொன்னாலே ஜனங்கள் ஏற்றுக்கொள்வார்கள். பதிலே வராமல் இருப்பதைத்தான் தாங்க மாட்டார்கள்.

சூப்பர்வைசரைத் தேர்ந்தெடுப்பதில் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். லைனிலேயே வேகமாகத் தைப்பவரைத் தூக்கி சூப்பர்வைசர் ஆக்குவார்கள். அவருக்கு மற்றவர்களுடைய வேகத்தைப் பார்த்தாலே எரிச்சல் வரும், நல்ல டெய்லர் ஒருவரையும் இழந்திருப்போம். சந்தேகம் வந்தால் மற்றவர்கள் தாமாகவே யாரிடம் போய்க் கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். அவர்தான் உங்கள் ஆள். வேகம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை.

நீங்கள் கேட்ட இரண்டையும் பற்றி. ஊக்கப் பேச்சாளர் வந்தால் ஆட்கள் நன்றாகவே கை தட்டுவார்கள். வேலை செய்யாமல் உட்கார்ந்திருந்த இரண்டு மணி நேரத்துக்குக் கூலி கிடைக்கிறதே! திங்கட்கிழமை அதே சூப்பர்வைசர், அதே கத்தல். அந்தப் பணத்துக்குக் கூடுதலாக ஒரு மெக்கானிக்கைப் போடலாம். மெஷின் நின்று கிடக்கும்போது டெய்லருக்கு வரும் வெறுப்பை எந்தப் பேச்சாலும் போக்க முடியாது. விருது விஷயத்தில், முப்பது பேர் சேர்ந்து முடிக்கும் ஒரு டீ சர்ட்டுக்கு யாரோ ஒருவருக்கு மட்டும் மாலை போட்டால் மீதி இருபத்தொன்பது பேர் என்ன நினைப்பார்கள்? மூன்றாவது மாதம் சூப்பர்வைசரின் சொந்தக்காரருக்கு விருது போகும், அதோடு அதன் மரியாதை முடிந்தது. யார் சொன்ன யோசனையால் வேலை சுலபமானதோ, அவர் பெயரைச் சொல்லி அந்த மாற்றத்தை எல்லோருக்கும் காட்டுங்கள். எங்கள் மெக்கானிக் அந்த ரிப் ஜாயின்ட்டை இன்றும் அந்த அக்கா பெயரைச் சொல்லித்தான் குறிப்பிடுகிறார்.

கடைசியாக தீபாவளி. உங்களிடம் பீகார் ஆட்கள் இருந்தால், தீபாவளி முடிந்த ஆறாம் நாள் வரும் சட் பூஜைதான் அவர்களுக்குப் பெரிய பண்டிகை. தீபாவளி முடிந்த மூன்றாம் நாள் வரச் சொன்னால் வர மாட்டார்கள், வரவில்லை என்று நீங்கள் வேறு ஆளைப் போட்டிருப்பீர்கள், அவரும் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார். தெற்கத்தி ஆட்களுக்கு ஊர் நோம்பி (திருவிழா), வீட்டுக் கல்யாணம் என்று வேறு கணக்கு இருக்கும். ஊருக்குக் கிளம்பும் முன் என்றைக்குத் திரும்புவார்கள் என்று அவர்களிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வடக்கே போகிறவர்களுக்குத் திரும்பி வர ரயில் டிக்கெட்டை முன்கூட்டியே நீங்களே போட்டுக் கொடுத்துவிடுங்கள், புது ஆளைத் தேடிப் பிடித்துப் பழக்குகிற செலவோடு பார்த்தால் அது பெரிய தொகை இல்லை. அவர்கள் சொன்ன தேதி வரை போன் போட்டு நச்சரிக்காமல் இருங்கள்.