பதாகை மட்டும் போதுமா?

கேள்வி: ஆண்டுதோறும் அக்டோபர் 10 அன்று உலக மனநல நாள் கடைப்பிடிக்கப்படுகிறதே, இத்தகைய விழிப்புணர்வு முயற்சிகளால் உண்மையில் பயன் உண்டா?

பதில்: உண்டு, ஆனால் பதாகையும் உறுதிமொழியும் மட்டும் போதா. உலக மனநலக் கூட்டமைப்பு 1992இல் தொடங்கிவைத்த இந்நாளில், நோய்களின் பெயர்களை அடுக்குவதைவிட, மனநோயிலிருந்து மீண்ட ஒருவர் தம் அனுபவத்தை நேரில் எடுத்துரைப்பது கேட்பவரின் அச்சத்தையும் ஏளனத்தையும் குறைக்க வல்லது. எப்போது மருத்துவரை நாட வேண்டும் என்பதையும் (மேடைப் பேச்சாளர் பலர் விட்டுவிடுவது இதைத்தான்) தெளிவாகச் சொல்ல வேண்டும்: இரண்டு வாரங்களுக்கு மேலாகப் பெரும்பாலான நேரம் துயரமோ எதிலும் நாட்டமின்மையோ நீடித்து, தூக்கமும் பசியும் மாறி, அன்றாடப் பணிகள் தடைப்பட்டால், அதைச் சோம்பல் என்று ஒதுக்காமல் மருத்துவரிடம் காட்டுவது அவசியம். தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்பது அவ்வெண்ணத்தைத் தூண்டிவிடும் என்ற பயமும் ஆதாரமற்றது. நிதானமாகக் கேளுங்கள், உண்டு என்றால் அவரைத் தனியே விடாமல் உடனே மருத்துவ உதவிக்கு அழைத்துச் செல்லுங்கள்.