நிலாவை ஒட்டிப் பறந்தும் வேகம் ஏறவில்லையே, ஏன்?

கேள்வி: ராக்கெட் கட்டி விண்வெளிக்கு அனுப்பும் கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்ற கணினி விளையாட்டை விளையாடுகிறேன். ஜூல் கிரகத்துக்குப் போக எரிபொருள் போதவில்லை. கிரகம் அல்லது நிலாவின் ஈர்ப்பைக் கொண்டு வேகத்தை மாற்றும் கிராவிட்டி அசிஸ்ட் கைகொடுக்கும் என்றார்கள். கிளம்பும் கிரகமான கெர்பினின் நிலா, மன்னை ஒட்டிப் பறந்தேன். நெருங்கும்போது வேகம் கூடியது, விலகியதும் பழைய அளவுக்கே இறங்கிவிட்டது. எங்கே தவறு?

பதில்: நீங்கள் பறந்ததில் தவறில்லை, வேகத்தையும் திசையையும் காட்டும் நேவ்பால் என்ற கருவியைப் படித்ததில்தான். மன்னின் ஈர்ப்பு எல்லைக்குள் நுழைந்ததும் நேவ்பால் மன்னைப் பொறுத்த வேகத்தைக் காட்டத் தொடங்கிவிடும். அந்தக் கணக்கில் உள்ளே வரும் வேகமும் வெளியேறும் வேகமும் எப்போதும் ஒன்றுதான். திசை மட்டுமே திரும்பும். ஆனால் மன் சும்மா நிற்கவில்லை, கெர்பினைச் சுற்றி ஓடுகிறது. லாபமா நஷ்டமா என்பது கெர்பினைப் பொறுத்துப் பார்த்தால்தான் தெரியும். ஓடுகிற நிலாவின் பின்பக்கமாகக் கடந்தால் வேகம் கூடும், முன்பக்கமாகக் கடந்தால் குறையும்.

சரி, பின்பக்கமாகவே போனாலும் மன்னில் பெரிய மிச்சம் கிடையாது. தாழ்ந்த சுற்றுப்பாதையிலிருந்து மன் வரை போகவே எரிபொருளை எரித்து வேகத்தை வினாடிக்குச் சுமார் 860 மீட்டர் மாற்ற வேண்டும். கெர்பினை விட்டே தப்பிக்க 950 போதும். அதற்கு ஏன் இத்தனை பாடு?

கிளம்பும்போது சேமிக்க, பக்கத்துக் கிரகமான ஈவ்தான் வழி. நேராக ஜூல் போக 2,000 அளவில் வேண்டும். ஈவுக்கு அதில் ஏறக்குறைய பாதி. அங்கிருந்து கெர்பினுக்குத் திரும்பி, அதன் இழுப்பையும் வாங்கிக்கொண்டு வெளியே போகலாம். நிஜத்திலும் இப்படித்தான்: 1997-இல் கிளம்பிய காசினி விண்கலம் வெள்ளியை இரண்டு முறை, பூமியை ஒரு முறை, அப்புறம் வியாழனை ஒட்டிப் பறந்து 2004-இல்தான் சனியைச் சேர்ந்தது. விளையாட்டில் நேரத்தை வேகமாக ஓட்டும் டைம் வார்ப் இருப்பதால் காத்திருப்பதற்குச் செலவில்லை.

ஆனால் நான் முதலில் பழகச் சொல்வது டைலோவை. ஜூலின் இந்த நிலா கெர்பின் அளவுக்குப் பெரியது, காற்றும் இல்லை. இதன் முன்பக்கமாகக் கடந்தால் எரிபொருளை எரிக்காமலே ஜூலின் பிடியில் சிக்கிக்கொள்ளலாம்.

ஜூலுக்கு வெகு தொலைவில் இருக்கும்போதே ஒரு சிறிய மெனூவர் நோட் (எஞ்சினை எரித்துப் பாதையை மாற்றத் திட்டமிடும் புள்ளி) வையுங்கள். நிலாக்கள் சுற்றும் அதே திசையில் உங்கள் பாதையும் வளைய வேண்டும். எதிர்த்திசையில் வந்தால் டைலோவை மிக வேகமாகக் கடப்பீர்கள், பாதை திரும்பவே திரும்பாது. பிறகு மேப்பில் டைலோவை ஃபோகஸ் செய்து, வினாடிக்கு 0.1 மீட்டர் அளவில் நோட்டை நகர்த்துங்கள். நெருங்கும் உயரத்தை மிகவும் கீழே இறக்க வேண்டாம், அங்கே மலைகள் உண்டு. டைலோவைத் தாண்டியபின் திறந்தபடி ஓடும் கோடு மூடிய நீள்வட்டமாக மாறினால் வேலை முடிந்தது.

பணம் சேர்த்து வசதிகளை வளர்க்கும் கேரியர் மோடில் டிராக்கிங் ஸ்டேஷன், மிஷன் கன்ட்ரோல் என்ற கட்டடங்களை ஒரு படி உயர்த்தினால்தான் இந்தக் கோடுகளும் நோட்டுகளும் கிடைக்கும். ஈர்ப்பு எல்லையைத் தாண்டும் நேரத்தில் வார்ப்பைக் குறைத்துவிடுங்கள். வேகமாக ஓடவிட்டால் பாதை கொஞ்சம் விலகி, பாடுபட்டு வைத்த உயரம் மாறிவிடும்.