கலைஞர், நடுவர், கேமரா: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஓவியர்களையும் சிற்பிகளையும் போட்டியாளர்களாக வைத்து மேலை நாடுகளில் ரியாலிட்டி ஷோக்கள் நடந்ததாகப் படித்தேன். பாட்டுப் போட்டியைப் போல ஓவியத்திலும் வாரம் ஒருவரை வெளியேற்ற முடியுமா? கலையுலகம் இதை எப்படி எடுத்துக்கொண்டது?
(நுண்கலைக் கல்லூரி மாணவர், கும்பகோணம்)

பதில்: இவ்வகையில் அதிகம் பேசப்பட்டது, அமெரிக்காவின் பிராவோ அலைவரிசை 2010 ஜூனில் ஒளிபரப்பத் தொடங்கிய 'வொர்க் ஆஃப் ஆர்ட்' தொடர். முதல் பருவத்தில் 14 பேர் போட்டியிட்டார்கள். வென்ற அப்டி ஃபாராவுக்கு 1,00,000 டாலரும், நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் தனிக் கண்காட்சியும் கிடைத்தன. 'நியூயார்க்' இதழின் கலை விமர்சகர் ஜெர்ரி சால்ட்ஸ் நடுவராக அமர்ந்ததும், ஏல உலகின் பெரும்புள்ளியான சைமன் டி பூரி போட்டியாளர்களுக்கு ஆலோசகராக வலம்வந்ததும் பலரை முகம் சுளிக்க வைத்தன. ஓர் அருங்காட்சியகம் தன் கூடத்தைத் தொலைக்காட்சிப் பரிசாகக் கொடுக்கலாமா என்ற கேள்வியும் எழுந்தது.

கலையைப் போட்டியில் வைக்கவே கூடாது என்ற வாதம் எனக்கு வலுவாகத் தோன்றவில்லை. சமகாலக் கலைக்கான பிரிட்டனின் டர்னர் பரிசு 1984 முதல் வழங்கப்படுகிறது. 1991இலிருந்து சேனல் 4 தொலைக்காட்சி பல ஆண்டுகள் அதற்கு ஆதரவு தந்து, விழாவையும் ஒளிபரப்பியது. ஆனால் டர்னர் நடுவர்கள், கலைஞர் தம் போக்கில் முன்பே செய்து காட்சிக்கு வைத்தவற்றைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். தொலைக்காட்சிப் போட்டியில் தலைப்பும் கெடுவும் தயாரிப்பாளருடையவை. யார் எப்போது அழுதார், யார் யாரைப் பழித்தார் என்பதில் எதை வைத்துக்கொள்வது, எதை வெட்டுவது என்பதும் அவர் முடிவு. அங்கே விற்பனைக்கு வருவது ஓவியத்தைவிட ஓவியரின் பதற்றம்தான். 2009இல் பிபிசி 2 ஒளிபரப்பிய 'ஸ்கூல் ஆஃப் சாச்சி' தொடரை நினைத்துப் பாருங்கள்: இளம் கலைஞர்கள் கேமரா முன் திணறிக்கொண்டிருக்க, அவர்களுடைய விதியை முடிவு செய்த சேகரிப்பாளர் சார்ல்ஸ் சாச்சி ஒருமுறைகூடத் திரையில் தோன்றவில்லை. கேமராவுக்கு வெளியே இருக்கும் உரிமை யாருக்கு உண்டு என்று பார்த்தாலே இந்நிகழ்ச்சிகளில் அதிகாரம் எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

கேள்வி: ரியாலிட்டி ஷோவைப் பகடி செய்து அதையே அரசியல் கலையாக்கியவர்கள் உண்டா? அப்படிப்பட்ட பகடி பயன் தந்திருக்கிறதா?
(கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: பயன் தந்ததா என்பதைப் பற்றி இன்றுவரை வாதிடப்படும் ஒரு படைப்பு உண்டு. 2000 பிப்ரவரியில், யோர்க் ஹைடர் வளர்த்தெடுத்த தீவிர வலதுசாரிக் கட்சியான சுதந்திரக் கட்சி ஆஸ்திரியக் கூட்டணி அரசில் சேர்ந்தது. அவ்வாண்டு ஜூனில், வியன்னா கலைவிழாவின் ஒரு பகுதியாக, ஜெர்மானிய இயக்குநர் கிறிஸ்டோஃப் ஷ்லிங்கன்சீஃப் அந்நகரின் அரசு ஆப்பெரா அரங்கை ஒட்டிய சதுக்கத்தில் கன்டெய்னர்களை நிறுவி, புகலிடம் கோருவோர் என்று அறிவித்து 12 பேரை அவற்றில் குடியமர்த்தினார். மேலே, வெளிநாட்டவர் வெளியேறட்டும் என்ற பதாகை. உள்ளே நடப்பதைக் கேமராக்கள் இணையத்தில் நேரலையாகக் காட்டின. நாள்தோறும் இருவரைப் பொதுமக்கள் வாக்களித்து வெளியேற்றலாம், வெளியேறுபவர் நாடு கடத்தப்படுவார், கடைசிவரை நிற்பவருக்குப் பணமும், ஆஸ்திரியர் ஒருவரை மணந்து அங்கேயே தங்கும் வாய்ப்பும் கிடைக்கும் என்பதே விதி. 'பிக் பிரதர்' நெதர்லாந்தில் தொடங்கி அப்போது ஓராண்டுகூட நிறைவடையவில்லை. நம் வீடுகளுக்குப் பின்னர் 'பிக் பாஸ்' என்று வந்து சேர்ந்த வடிவம்தான் அது.

ஒரு வாரம் அந்தச் சதுக்கம் கொதித்தது. நாட்டை இழிவுபடுத்துகிறார் என்று ஒருசாராரும், ஏதிலிகளைக் காட்சிப்பொருளாக்குகிறார் என்று மறுசாராரும் ஷ்லிங்கன்சீஃபைத் திட்டினார்கள். அவரோ ஒலிபெருக்கியை எடுத்துக்கொண்டு இரு தரப்பையும் மேலும் சீண்டினார். இறுதியில் அரசை எதிர்த்து ஊர்வலம் வந்த இடதுசாரிகள் கன்டெய்னர் மீது ஏறி, பதாகையைச் சிதைத்து, உள்ளிருந்தவர்களை 'விடுவிக்க' முனைந்தார்கள். நாட்டில் இருந்த உண்மையான தடுப்பு மையங்களைவிட அவற்றின் கலைப் போலியே அதிக எதிர்ப்பைத் திரட்டியது என்று கலை வரலாற்றாளர் கிளேர் பிஷப் பின்னாளில் சுட்டிக்காட்டினார். இதைப் பகடியின் வெற்றி என்றும் கொள்ளலாம், அந்த எதிர்ப்பாளர்களின் தோல்வி என்றும் கொள்ளலாம். நான் இரண்டாவதன் பக்கம் சாய்கிறேன்.

என் தயக்கம் வேறொன்றில் இருக்கிறது. உள்ளிருந்தவர்கள் அடையாளம் தெரியாமல் இருக்க விக் அணிந்து, முகத்தை மறைத்துக்கொண்டு வந்தார்கள். அவர்களுடைய நிலைக்கு அது தேவையான பாதுகாப்பாக இருந்திருக்கலாம். ஆனாலும் அந்த வாரத்தைப் பற்றிய நூல்களிலும் கட்டுரைகளிலும் இயக்குநர் பேசுகிறார், வழிப்போக்கர்கள் பேசுகிறார்கள், கட்சிக்காரர்கள் பேசுகிறார்கள். அந்தப் பன்னிருவரின் குரல் அரிதாகவே கேட்கிறது. எந்த நிகழ்ச்சி வடிவத்தைக் கேலி செய்ய வந்ததோ, அந்த வடிவத்தின் வேலைப் பிரிவினையைப் படைப்பு அப்படியே வைத்துக்கொண்டது.

கேள்வி: சுரண்டலைக் காட்டுவதற்காகக் கலைஞரே மனிதர்களைச் சுரண்டினால் அதை எப்படி ஏற்பது?
(பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை, சென்னை)

பதில்: இக்கேள்விக்கு இலக்கானவர்களில் முதல்வர் ஸ்பெயினின் சாண்டியாகோ சியெர்ரா. 2000இல் சலமாங்கா நகரில், ஹெராயினுக்கு அடிமையான நான்கு பாலியல் தொழிலாளிகளின் முதுகில் தொடர்ச்சியாக 160 சென்டிமீட்டர் நீளக் கோடு ஒன்றைப் பச்சை குத்தச் செய்தார். கூலி, ஒரு வேளை ஹெராயினின் விலை. அந்தக் கூலிக் கணக்கைப் படைப்பின் விவரக் குறிப்பிலேயே எழுதியும் வைத்தார். சந்தை தினமும் செய்வதைத்தான் நான் வெளிப்படையாகச் செய்கிறேன் என்பது அவர் தரப்பின் சாரம். கணக்கை மறைக்காத அந்த நேர்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் கண்காட்சி முடிந்து புகைப்படம் சேகரிப்பாளரிடம் போன பிறகும் கோடு அந்தப் பெண்களின் முதுகில்தான் இருக்கும்.

இதே சிக்கலை வேறு வழியில் அணுகியவர் பிரிட்டனின் ஃபில் காலின்ஸ் (அந்தப் பெயரில் புகழ்பெற்ற பாடகர் வேறொருவர்). ரியாலிட்டி நிகழ்ச்சிகளில் பங்கேற்றதால் தம் வாழ்க்கை சிதைந்ததாகக் கருதியவர்களை அவர் தேடிப் பிடித்தார். 2005 இஸ்தான்புல் பியனாலேவுக்காக (ஈராண்டுக்கொரு கலைவிழா) அவர்களைப் பத்திரிகையாளர்கள் முன் அமர்த்தி, நடந்ததைத் தம் சொற்களில் சொல்ல வைத்தார். 2006இல் டர்னர் பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றபோது, லண்டனின் டேட் பிரிட்டன் கலைக்கூடத்துக்குள்ளேயே ஊழியர்கள் வேலை பார்க்கும் தயாரிப்பு அலுவலகம் ஒன்றை அமைத்தார். அங்கும் கேமராவை வைத்திருப்பவர் கலைஞர்தான் என்பதால் அவரைக் குறை சொன்னவர்கள் உண்டு. அந்தக் குறை சரியே. எனினும், வெட்டி ஒட்டப்பட்டவர்களுக்கு மறுபடி பேச நேரம் கொடுத்தது ஒரு வேறுபாடுதான். அதைச் சிறிதென்று நான் சொல்லமாட்டேன்.

கேள்வி: சக கலைஞரையே ஒரு கலைஞர் இப்படிக் கண்டித்தது உண்டா?
(யாழ்ப்பாண வாசகர்)

பதில்: உண்டு. 2011 நவம்பரில் லாஸ் ஏஞ்சலிஸின் சமகாலக் கலை அருங்காட்சியகம் நிதி திரட்ட நடத்திய விருந்தை நிகழ்த்துகலைஞர் மரினா அப்ரமோவிச் வடிவமைத்தார். மேசைகளின் நடுவே துளையிட்டு, நிகழ்த்துநர்களின் தலை மட்டும் வெளியே தெரியும்படி அமர்த்தி, மெல்லச் சுழன்றபடி அவர்கள் விருந்தினரை உற்றுப் பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு. பெருஞ்செல்வர்கள் நன்கொடை தந்து அமர்ந்த விருந்தில் நிகழ்த்துநர்களுக்கான ஊதியம் 150 டாலர். மூத்த நடனக் கலைஞரும் திரைப்பட இயக்குநருமான இவோன் ரெய்னர், இது செல்வர்களின் கேளிக்கைக்காக இளம் கலைஞர்களை இழிவுபடுத்துவது என்று அருங்காட்சியக இயக்குநர் ஜெஃப்ரி டைட்சுக்குக் கடிதம் எழுதினார். ஒத்திகையை வந்து பாருங்கள் என்று அழைக்கப்பட்டு, பார்த்த பிறகும் அவர் தம் எதிர்ப்பைக் கைவிடவில்லை. இந்த டைட்ச், 2006இல் 'ஆர்ட்ஸ்டார்' என்ற கலைஞர் ரியாலிட்டி தொடரைத் தம் காட்சிக்கூடத்தில் நடத்தியவர் என்பதையும் நினைவில் வைக்கலாம். அங்கே மனமுவந்துதானே வந்தார்கள் என்ற பதில் ரியாலிட்டி ஷோவிலும் கேட்கும், விருந்திலும் கேட்கும். வாய்ப்புகள் அரிதான துறையில் அந்தச் சம்மதத்தின் எடை எவ்வளவு என்பதுதான் ரெய்னர் தரப்பின் கேள்வி.

கேள்வி: கலையுலகையே பகடி செய்பவரைக் கலையுலகம் ஒதுக்கிவிடாதா?
(மதுரை வாசகர்)

பதில்: பெரும்பாலும் அணைத்துக்கொள்ளும். ஜேசன் மஸன் என்ற அமெரிக்கக் கலைஞர் 2010 முதல் 'ஹென்னெஸி யங்மேன்' என்ற பாத்திரமாக யூடியூபில் தோன்றி, கண்காட்சி மொழியையும் அதன் இனப் பாகுபாட்டையும் கிழித்தெறிந்தார். 2012இல் நியூயார்க்கின் சலான் 94 காட்சிக்கூடம் அவருடைய தனிக் கண்காட்சியை நடத்தியது. அதன் உரிமையாளர் ஜீன் கிரீன்பெர்க் ரொஹாட்டின், 'வொர்க் ஆஃப் ஆர்ட்' நடுவர்களில் ஒருவர்.

கேள்வி: உள்ளூர்த் தொலைக்காட்சி ஒன்று ஓவியப் போட்டிக்கு என்னை அழைத்திருக்கிறது. போகலாமா?
(இளம் ஓவியர், புதுச்சேரி)

பதில்: போகலாம். கையெழுத்திடுமுன் மூன்றைக் கேளுங்கள்: படப்பிடிப்பு நாட்களுக்கு ஊதியம் உண்டா, அங்கே வரைந்தவை பின்னர் யாருக்குச் சொந்தம், உங்கள் பேச்சை எப்படி வெட்டினாலும் ஆட்சேபிக்கமாட்டேன் என்ற விதி இருக்கிறதா. மூன்றாவது இருந்தால் அதை நீக்கச் சொல்லிப் பாருங்கள். அநேகமாக மறுப்பார்கள், ஆனால் மறுக்கும் விதத்திலிருந்தே படப்பிடிப்பில் உங்களை எப்படி நடத்துவார்கள் என்பதை ஓரளவு ஊகிக்கலாம்.