ஹூபர்மனைப் பற்றிக் கேட்டீர்கள்: சில கேள்விகள், பதில்கள்

போலந்தின் வயலின் மேதை ப்ரோனிஸ்வாவ் ஹூபர்மனைப் (1882–1947) பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: சார், இவர் பெயரையே நான் கேள்விப்பட்டதில்லை. அவ்வளவு பெரிய ஆளா?

ஆமாம். அன்று ரஷ்யப் பேரரசின் பிடியில் இருந்த செஸ்டொஹோவாவில் பிறந்தவர். வார்சாவில் பயின்று, பத்து வயதுக்குள் பெர்லினில் புகழ்பெற்ற வயலின் ஆசான் யோஆகிமிடம் போய்ச் சேர்ந்தார். 1896 ஜனவரியில் வியன்னாவில், ஜெர்மானிய இசையமைப்பாளர் பிராம்ஸின் வயலின் கான்செர்ட்டோவை (தனி வயலினும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் நீண்ட உருப்படி) வாசித்தபோது அவருக்கு வயது 13. பிராம்ஸே அரங்கில் உட்கார்ந்திருந்தார். இரண்டாவது பகுதியில் பிராம்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்று பிராம்ஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய கால்பெக் பதிவு செய்திருக்கிறார். கச்சேரி முடிந்ததும் பிராம்ஸ் உள்ளே போய்ப் பையனைக் கட்டிக்கொண்டார். பையனுக்கோ ஒரு மனக்குறை: தனி ஆவர்த்தனம்போல வரும் கடென்சா முடிந்ததுமே ஜனங்கள் கைதட்டியதில், அடுத்து வரும் அழகான மெட்டு காதில் விழாமலே போய்விட்டது. “நீ கடென்சாவை அவ்வளவு அழகாக வாசித்திருக்கக் கூடாது” என்றாராம் பிராம்ஸ்.

கேள்வி: அவருடைய வயலின் திருட்டுப் போனது உண்மையா?

ஒரு முறை இல்லை, இரண்டு முறை. இரண்டு தடவையும் அதே வயலின்தான்: 1713-இல் இத்தாலியின் புகழ்பெற்ற வயலின் கைவினைஞர் ஸ்ட்ராடிவாரி செய்தது, ‘கிப்சன்’ என்று பெயர். 1919-இல் வியன்னாவில் போனது சில நாள்களில் கிடைத்துவிட்டது. 1936 பிப்ரவரி 28 அன்று நியூயார்க் கார்னகி ஹாலில் மேடையில் அவர் தன்னுடைய இன்னொரு வயலினை (குவர்னேரி என்ற இத்தாலியக் கைவினைஞர் செய்தது) வாசித்துக்கொண்டிருக்க, ஒப்பனை அறையில் இருந்த கிப்சனை யாரோ எடுத்துப்போய்விட்டார்கள். அதன் பிறகு அவர் அதைப் பார்க்கவே இல்லை. ஜூலியன் ஆல்ட்மன் என்ற வயலின் கலைஞர் அதைச் சுமார் ஐம்பது ஆண்டுகள் வாசித்து வந்தார். அடையாளம் தெரியாமலிருக்க ஷூ பாலிஷ் பூசியிருந்தார். அவரே திருடினாரா, 100 டாலருக்கு வாங்கினாரா என்பதில் இரண்டு கதைகள் உண்டு. 1985-இல் சாகும் தறுவாயில்தான் மனைவியிடம் சொன்னார். இன்று அது அமெரிக்க வயலின் கலைஞர் ஜோஷுவா பெல்லிடம் இருக்கிறது.

எல்லோரும் இந்தக் கதையைத்தான் கேட்கிறார்கள். எனக்கு அடுத்த கேள்விதான் முக்கியம்.

கேள்வி: நாஜிகள் வந்த பிறகு என்ன செய்தார்?

1933-இல் ஜெர்மனியின் பெரிய இசைக்குழு நடத்துநர் ஃபுர்ட்வாங்லர் பெர்லினுக்கு வந்து வாசிக்கும்படி அழைத்தார். யூதரான ஹூபர்மன் மறுத்தார், மறுப்பைப் பகிரங்கமாகவும் சொன்னார். வேலை பறிக்கப்பட்ட யூதக் கலைஞர்களைத் திரட்டி, அன்று பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த பாலஸ்தீனத்தில் ஓர் இசைக்குழு அமைப்பதில் இறங்கினார். அவரே கலைஞர்களைத் தேடிக் கேட்டுத் தேர்ந்தெடுத்தார். நுழைவு அனுமதிக்காகப் பிரிட்டிஷ் அதிகாரிகளிடம் மல்லுக்கட்டினார். அமெரிக்காவில் நிதி திரட்டினார். அதற்கு ஐன்ஸ்டைனும் துணை நின்றார். வேலை கிடைத்தவர்களோடு அவர்கள் குடும்பங்களும் தப்பின.

1936 டிசம்பர் 26 அன்று டெல் அவிவில் முதல் கச்சேரி. இத்தாலிய இசைக்குழு நடத்துநர் டோஸ்கானினி சம்பளம் வாங்காமல் நடத்தினார். ரோசினி, பிராம்ஸ், ஷூபர்ட், மெண்டல்சோன், வெபர் என்று நிகழ்ச்சி நீண்டது. வயலின் கான்செர்ட்டோ ஒன்றுகூட அதில் இல்லை! தன் உழைப்பில் பிறந்த குழுவின் தொடக்க நாளில் தனக்கென ஓர் உருப்படி வைத்துக்கொள்ளவில்லை என்பதற்காகவே அவரை வணங்கத் தோன்றுகிறது. இன்றைய இஸ்ரேல் ஃபில்ஹார்மோனிக் அந்தக் குழுதான்.

கேள்வி: அண்ணா, நான் வயலின் மாணவி. விபத்தில் கை உடைந்தும் திரும்ப வாசித்தார் என்கிறார்களே?

ஆமாம்மா. 1937 அக்டோபரில் சுமத்ராவில் அவர் போன விமானம் விழுந்தது. அடிபட்டது இடது கை, தந்தியில் விரல் வைக்கும் கை. அப்போது அவருக்கு 54 வயது. பயிற்சியை அடியிலிருந்து தொடங்கி, 1938-இல் மேடைக்குத் திரும்பிவிட்டார்.

கேள்வி: கேட்டுப் பார்த்தேன், கரடுமுரடாக இருக்கிறது. இதையா புகழ்கிறார்கள்?

அன்றைக்கும் இப்படிச் சொன்னவர்கள் உண்டு. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவார், விரலை அசைத்துச் சுரத்துக்குத் தரும் அதிர்வைச் சிக்கனமாகத்தான் தருவார், சில இடங்களில் வில் தந்தியைக் கடிக்கும். வழவழப்பான ஒலிக்குப் பழகிய காதுக்கு இது முதலில் உறுத்தும். ஆனால் ஒவ்வொரு சொற்றொடரையும் அவர் பேசுவதுபோல வாசிக்கிறார். எந்த இடத்திலும் சும்மா கடந்து போவதில்லை. எனக்கு அதுதான் பெரிது.

கேள்வி: எதிலிருந்து தொடங்கலாம்?

1934-இல் ஜார்ஜ் ஸெல் நடத்த, வியன்னா ஃபில்ஹார்மோனிக்குடன் பதிவான பீத்தோவன் கான்செர்ட்டோ. வயலின் நுழையவே சுமார் மூன்று நிமிடம் ஆகும், தள்ளிவிட்டுப் போகாதீர்கள். பிறகு இக்னாஸ் ஃப்ரீட்மன் பியானோவோடு 1930-இல் வாசித்த, பீத்தோவனின் ‘க்ரொய்ட்சர்’ சொனாட்டா (வயலினும் பியானோவும் மட்டும் வாசிப்பது). சாய்கோவ்ஸ்கியின் வயலின் கான்செர்ட்டோவை மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.